‘05’ என்றால் 1905-ஆ, 2005-ஆ? இரண்டிலக்க ஆண்டுகளைச் சரியாக மாற்றும் வழி

பழைய கோப்பு ஒன்று கைக்கு வருகிறது, பிறந்த தேதி என்ற இடத்தில் 12/05/29 என்று இருக்கிறது. எக்செல்லில் திறந்தால் அது வழக்கமாக 2029 ஆகிவிடும். அடுத்த வரியில் 12/05/30 என்று இருந்தால் அது 1930. ஒரு வயது மூத்த அக்கா, தம்பியைவிட 99 வருடம் இளையவளாகிவிட்டாள். எக்செல் 00 முதல் 29 வரை 2000-களிலும், 30 முதல் 99 வரை 1900-களிலும் வைக்கும். விண்டோஸின் தேதி அமைப்பைப் பொறுத்து இந்த எல்லை மாறவும் செய்யும்.

இதில் பெரிய ஆபத்து, திரையில் எதுவும் மாறித் தெரியாது என்பதுதான். செல்லின் தேதி வடிவம் இரண்டிலக்கமாக இருந்தால் 29 என்றே காட்டும், உள்ளே மட்டும் நூற்றாண்டு மாறியிருக்கும். வயதைக் கணக்கிட்டு மைனஸ் எண் வந்தால் நல்லது, கண்ணில் படும். 1923-இல் பிறந்தவர் 2023-இல் பிறந்த குழந்தையாகிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, அந்த வரி சாதுவாகக் கடந்துபோய்விடும்.

29 என்ற எண்ணுக்குள் நூற்றாண்டு இல்லை. எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிப்பது கிடையாது. தன்னிடம் இருக்கும் ஒரு நூறு வருட ஜன்னலுக்குள் அந்த எண்ணைப் பொருத்துகிறது, அவ்வளவுதான். அந்த ஜன்னல் எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. பைத்தான் என்ற நிரல்மொழியில் தேதியைப் படிக்கும்போது ஆண்டுக்குச் சின்ன ஒய் (%y) கொடுத்தால் 69 முதல் 99 வரை 1900-கள், 00 முதல் 68 வரை 2000-கள். இது யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தின் வழக்கம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் எல்லை 70, அதாவது 70 முதல் 1900-கள். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் 69 என்பது பைத்தான் வழியாகப் போனால் 1969, நேராக மைஎஸ்க்யூஎல்லுக்குப் போனால் 2069. எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் 49 வரை 2000-கள், 50 முதல் 1900-கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஆர்ஆர் (RR) என்ற வடிவம் கொடுத்தால் இப்போதைக்கு அதே எல்லை, ஒய்ஒய் கொடுத்தால் எல்லாமே நடப்பு நூற்றாண்டு, 99 என்றாலும் 2099. ஆகவே 55 என்று ஒருவர் எழுதிவைத்தது பைத்தானிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் 2055, எஸ்க்யூஎல் சர்வரிலும் எக்செல்லிலும் 1955.

ஜாவா என்ற நிரல்மொழியில் இன்னும் கவனம் வேண்டும். தேதியைப் படிக்கும் அதன் பழைய கருவியான சிம்பிள்டேட்ஃபார்மேட், அது உருவாக்கப்படும் நொடியிலிருந்து 80 வருடம் பின்னாலும் 20 வருடம் முன்னாலும் பார்க்கும், அதாவது ஜன்னல் நாளுக்கு நாள் நகர்கிறது. இன்று சரியாக ஓடிய அதே புரோகிராம், அதே கோப்பை அடுத்த வருடம் படித்தால் சில வரிகளுக்கு வேறு பதில் தரலாம். புதிய டேட்டைம்ஃபார்மேட்டரோ நகராது, இரண்டு ஒய் கொடுத்தால் 2000 முதல் 2099 வரை மட்டுமே. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும்போது 72-இல் பிறந்தவர்கள் எல்லோரும் 2072-க்குப் போவது இப்படித்தான். வலைப்பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டில் டேட் (Date) என்ற தேதிக் கருவிக்கு ஆண்டு, மாதம் என்று எண்களாகக் கொடுத்தால் 0 முதல் 99 வரை எதுவாக இருந்தாலும் 1900-தான் கூட்டும்; 20 கொடுத்தால் 1920.

சரி, வேலைக்கு வருவோம். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறக்காதீர்கள். நூற்றாண்டை அதுவே முடிவு செய்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆண்டு-மாதம்-நாள் என்று ஆறு இலக்கமாக எழுதிய கோப்புகளில் 050312 என்பது 50312 ஆகிவிடும், 000312 வெறும் 312 ஆகிவிடும். முன்னால் இருந்த பூஜ்யம் போன பிறகு சேமித்துவிட்டால், ஆண்டு எது மாதம் எது என்றே குழம்பிவிடும். டேட்டா இறக்குமதி வழியாகப் போய், தேதி இருக்கும் நெடுவரிசையை உரை என்று சொல்லி எடுங்கள். மூல நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு, நான்கு இலக்க ஆண்டுக்கென்று பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை போடுங்கள். மூலத்தின் மேலேயே எழுதினால் தப்பைத் திருத்த வழியே இருக்காது.

அடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தேதி எதைக் குறிக்கிறது, இந்த வரி எப்போது எழுதப்பட்டது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக்கு மேல் முடிந்தது. 1998-இல் எழுதிய ஒரு பதிவேட்டில் பிறந்த ஆண்டு 05 என்றால் அது 1905-ஆகத்தான் இருக்க முடியும், எழுதிய நாளில் 2005 வரவே இல்லை. அதே வரியில் காலாவதி ஆண்டு 05 என்றால் அது 2005. ஒரே எண், ஒரே வரி, இரண்டு நூற்றாண்டு. கோப்பு முழுவதற்கும் ஒரே எல்லையைப் போட்டு மாற்றினால் இதில் ஏதாவது ஒன்று நிச்சயம் தப்பாகும். பலரும் செய்யும் பிழை, எழுதிய நாளுக்குப் பதிலாக இன்றைய தேதியை வைத்துக் கணக்கிடுவது. அப்படிச் செய்தால் அந்த 1905-காரர் 2005-இல் பிறந்தவராகிவிடுவார்.

ஆகவே பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி போன்றவற்றுக்கு விதி இது: பதிவு எழுதிய நாளைத் தாண்டாத, அதற்கு மிக அருகில் இருக்கும் ஆண்டு. ஒப்பிடும்போது ஆண்டை மட்டும் பார்க்காமல் முழுத் தேதியையும் பாருங்கள். 2024 ஜூன் 10 அன்று எழுதிய வரியில் 05/12/24 என்று பிறந்த தேதி இருந்தால் 2024 டிசம்பர் அப்போது வரவில்லை, விதிப்படி 1924 ஆகும். 99 வயதுக்காரராகவும் இருக்கலாம், தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம், அதனால் இந்த மாதிரி வரிகளைத் தனியாக ஒதுக்கி ஒரு மனிதர் பார்க்கட்டும். காலாவதித் தேதிக்கு விதி நேர்மாறு, எழுதிய நாளுக்குப் பிறகு வரும் மிக அருகிலுள்ள ஆண்டு.

நூறு வயதைத் தாண்டியவர்கள் இருக்கக்கூடிய பட்டியலில் இந்த விதி போதாது, வேறு சாட்சி வேண்டும். வேலையில் சேர்ந்த தேதி, எழுதிய அன்றைய வயது, எதுவானாலும் சரி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கிழமை. 1900-களில் ஒரு தேதியும் சரியாக நூறு வருடம் கழித்து வரும் அதே தேதியும் ஒரே கிழமையில் வரவே வராது. 1969 ஜூலை 20 ஞாயிறு. 2069 ஜூலை 20 சனி. கணினியில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பழைய லாக் கோப்புகளிலும் மின்னஞ்சல் தலைப்புகளிலும் தேதியோடு கிழமையும் இருக்கும், அங்கே ஊகமே தேவையில்லை, கிழமையைச் சரிபார்த்தால் நூற்றாண்டு கிடைத்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஆண்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 00-ம் 99-ம் மட்டும் அளவுக்கு மீறி வந்தால் அவை ஆண்டுகளாக இல்லாமல் இருக்கலாம். தெரியாது என்பதற்கு 00, முடிவே இல்லை என்பதற்கு 31/12/99 என்று போடும் பழக்கம் பழைய புரோகிராம்களில் உண்டு. இவற்றைத் தேதியாக மாற்றாமல் காலியாக விட்டு, காரணத்தைப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

சில இடங்களில் விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அங்கே நம் விதியைப் புகுத்தக் கூடாது. வலைத்தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் எக்ஸ்.509 பாதுகாப்புச் சான்றிதழில் இரண்டிலக்க ஆண்டு 50 அல்லது அதற்கு மேல் என்றால் 1900-கள், அதற்குக் கீழே 2000-கள். 2050 முதல் நான்கு இலக்க வடிவத்தில்தான் எழுத வேண்டும். வலைப்பக்கங்களைப் பரிமாறும் எச்டிடிபி நெறிமுறையின் பழைய தேதி வடிவத்தில், 50 வருடத்துக்கு மேல் எதிர்காலத்தில் போய் விழுந்தால் அதே கடைசி இரண்டு இலக்கம் கொண்ட கடந்த ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

புரோகிராம் எழுதும்போது மொழியோடு வரும் ஆயத்தக் கருவியின் இயல்பு ஜன்னலை நம்பாமல், நாள், மாதம், ஆண்டு என்று உரையை நீங்களே பிரித்து, மேலே சொன்ன விதியால் நான்கு இலக்கமாக்கி, அதற்குப் பிறகுதான் தேதியாக மாற்றுங்கள். இந்த வேலை டேட்டா உள்ளே நுழையும் இடத்தில் ஒரே ஒருமுறை நடக்கட்டும். ஆண்டு மாறும்போது வெறும் 19 என்பதை முன்னால் ஒட்டிய புரோகிராம்கள் 2000 ஜனவரியில் என்ன செய்தன தெரியுமா? ஜாவாஸ்கிரிப்டின் கெட்இயர் என்ற கட்டளை 1900-ஐக் கழித்த எண்ணைத் தரும், அது 100 என்று தர, பல வலைப்பக்கங்களில் ஆண்டு 19100 என்று வந்தது. நூற்றாண்டை எழுத்தாக ஒட்டாதீர்கள், எண்ணாகக் கூட்டுங்கள்.

சோதிக்க 00, 29, 30, 49, 50, 68, 69, 70, 99 எல்லாவற்றையும் கொடுத்துப் பாருங்கள், கூடவே 29/02/00. 2000 லீப் ஆண்டு, 1900 லீப் ஆண்டு இல்லை, ஆகவே நூற்றாண்டு தப்பினால் இந்தத் தேதியே இருக்காது, உடனே பிழை வந்துவிடும். எக்செல்லில் மட்டும் இதை நம்ப வேண்டாம். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அது 1900 பிப்ரவரி 29-ஐ ஏற்றுக்கொள்கிறது.

கடைசியில் 2005-03-12 என்று ஆண்டு முன்னால் வரும்படி சேமியுங்கள், வெறும் உரையாக வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும். எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக (வெறும் உரைக் கோப்பாக) வெளியே எடுப்பதாக இருந்தால் முதலில் செல்லின் வடிவத்தை நான்கு இலக்க ஆண்டுக்கு மாற்றிவிடுங்கள். திரையில் என்ன தெரிகிறதோ அதைத்தான் அது கோப்பில் எழுதும். இரண்டிலக்க வடிவத்தோடு சேமித்தால், இவ்வளவு பாடுபட்டு மீட்ட நூற்றாண்டு அங்கேயே மறுபடி தொலைந்துவிடும்.