சைவம் அல்ல என்றால் அசைவமா? வகைகளைச் சேர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பள்ளியில் வெட்டு (இரண்டிலும் இருப்பது), சேர்ப்பு (ஏதாவது ஒன்றில் இருப்பது), நிரப்பி (அதில் இல்லாதது) என்று கணங்களைப் படித்தோம். மனதும் அதே கணக்கைப் போடுகிறது என்று நம்புவதுதான் முதல் தவறு.

'வளர்ப்புப் பிராணி' என்றதும் நாயும் பூனையும் நினைவுக்கு வரும். 'மீன்' என்றால் வஞ்சிரம், மத்தி. 'வளர்ப்பு மீன்' என்றாலோ, கண்ணாடித் தொட்டியில் வண்ண வாலை ஆட்டிக்கொண்டு திரியும் கப்பி. தனித்தனியாக இரண்டு வகையிலும் கடைசி வரிசையில் இருப்பது, சேர்ந்த வகையில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. 1981-ல் ஆஷர்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் விவாதித்தது இதைத்தான். ஒரு பொருள் ஒரு வகைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அளவு போடுபவை ஃபஸ்ஸி கணங்கள். சேர்ந்த வகைக்கு, இரண்டு அளவுகளில் குறைந்ததை எடுத்துக்கொண்டால் போதும் என்ற அவற்றின் விதி இங்கே எடுபடாது. தொட்டியும் வண்ணமும் எந்த வகையிலிருந்தும் வரவில்லை. நாம் கண்ட உலகத்திலிருந்து வந்தவை.

இதைக் கவனிக்காமல், தர்க்கத்தில் சறுக்குபவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. 1983-ல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் லிண்டா என்ற கற்பனைப் பெண்ணை விவரித்தார்கள்: சமூக நீதியில் அக்கறை உள்ளவர், மாணவப் பருவத்தில் போராட்டங்களுக்குப் போனவர். அவர் வங்கி ஊழியர் என்பதைவிட, பெண்ணிய இயக்கத்தில் இருக்கும் வங்கி ஊழியர் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று ஒரு சோதனையில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படி இருக்கவே முடியாது, பெண்ணிய இயக்கத்தில் இருக்கும் வங்கி ஊழியர் எல்லோரும் வங்கி ஊழியர்கள்தானே. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, சாயலைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கேள்விகளை '100 பேரில் எத்தனை பேர்?' என்று மாற்றிக் கேட்டால் தவறு நன்றாகவே குறைகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்படிக் கேட்டுப் பழக்கலாம்.

'அல்லது' போட்டால் வகை பெரிதாகும் என்பதும் நிச்சயமில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் ஹாம்ப்டன் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஷ்ட்ரேயை 'வீட்டு அலங்காரப் பொருள்' என்று ஏற்றவர்களைவிட, 'அலங்காரப் பொருள் அல்லது பர்னிச்சர்' என்று ஏற்றவர்கள் குறைவு.

எனக்கு அதிகம் கவலை தருவது 'அல்ல'தான். கணிதத்தில் நிரப்பி எடுக்கும் முன் அனைத்துக்கணத்தை, அதாவது எதற்குள் தேடுகிறோம் என்பதை, சொல்லிவிடுவார்கள். பேச்சில் யாரும் சொல்வதில்லை. 'சைவம் அல்லாதவை' என்று பட்டியல் கேட்டால் செருப்பையும் சைக்கிளையும் யார் சொல்வார்கள்? மனம் உணவுக்குள்ளேயே நிற்கும், அதிலும் இறைச்சிக்குத் தாவும். முட்டை நடுவில் மாட்டிக்கொள்ளும். நம் நாட்டு உணவு லேபிள் விதிப்படி முட்டை அசைவம், பால் சைவம். சாப்பிடுபவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. முட்டை மட்டும் சாப்பிடுபவர் உண்டு, மீனோடு நிறுத்திக்கொள்பவர் உண்டு, சனிக்கிழமை மட்டும் எதையும் தொடாதவரும் உண்டு. 'சைவமா?' என்ற கேள்விக்கு இவர்கள் எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து விருந்துக்கு மட்டன் பிரியாணி சொன்னால், சிலர் வெறும் தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். விடுதிக்கோ கல்யாணத்துக்கோ படிவம் தயாரிப்பவர்கள் சைவம், அசைவம் என்று இரண்டு கட்டம் போட்டு முடிக்க வேண்டாம். முட்டை, மீன், கோழி, ஆடு என்று தனித்தனியாகவே கேளுங்கள், நாள் கணக்கையும் சேர்த்து.