ஒரே மென்பொருளைப் பலருக்குத் தரும்போது செய்யக் கூடாத தவறுகள்

காட்பாடியில் என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் போன வாரம் புது வாடிக்கையாளருக்காகப் பழைய புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். பார்த்ததும் மனசு பதறிவிட்டது. பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஆளுக்கொரு நகல்

நான் அன்று காப்பி எடுத்தது, தோல் வியாபாரிகளுக்குப் பில் போடும் மென்பொருள். முதலில் ராணிப்பேட்டையில் ஒருவர், அவருக்குச் சதுர அடிக் கணக்கு. அடுத்து ஆம்பூர், பச்சைத் தோல், பீஸ் கணக்கு. காப்பி எடுத்து நாலு இடம் மாற்றினேன், ஒரே நாளில் முடிந்தது. அந்தச் சுலபம்தான் ஆளை விழுங்குகிறது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று ஒன்பது நகல் ஆகிவிட்டது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், வெளி மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி. காட்பாடி தாண்டினால் ஆந்திரா எல்லை, சித்தூருக்குச் சரக்கு போகாத நாளே கிடையாது. ஒரே மாற்றத்தை ஒன்பது இடத்தில் செய்ய உட்கார்ந்தால், ஒன்பதும் அதற்குள் ஒன்பது விதமாகியிருந்தன. ஒன்றில் வரிக் கணக்கு பில் திரையில், இன்னொன்றில் அச்சடிக்கும் இடத்தில். ஏழாவது நகலில், வாங்குபவரின் மாநிலத்தைப் பதிய இடமே இல்லை. ராத்திரி அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

சித்தூர் போன சரக்குக்கெல்லாம் உள்ளூர் வரி விழுந்தது. வாங்கியவரின் ஆடிட்டர் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. தப்பாகக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டுவிட்டு, சரியான வரியை மறுபடி கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த நகலை வாங்கிய வாணியம்பாடி பாய் என்னைத் திட்டவில்லை. "தம்பி, ஆம்பூர்ல சரியா வருதாமே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

செய்திருக்க வேண்டியது இதுதான்: மூல நிரல் ஒன்று, வேறுபாடுகள் தனியே. எது எல்லோருக்கும் கட்டாயம், எது விருப்பம், எதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம், எது எதைச் சார்ந்தது என்று முதலில் எழுதுங்கள். 1990-லேயே மென்பொருள் ஆய்வாளர் கியோ காங்கின் குழு 'ஃபீச்சர் மாடல்' என்று இதை வரைந்து காட்டிவிட்டது. 'வெளி மாநில விற்பனை இருந்தால் மாநிலப் பதிவு கட்டாயம்' என்ற ஒரு வரி இருந்திருந்தால், ஏழாவது நகல் பில்டே (நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) ஆகியிருக்காது.

இஃப்-க்குள் வாடிக்கையாளர் பெயர்

'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிரலில் எழுதும் நிபந்தனைதான் இஃப். அதில் வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். 'சதுர அடிக் கணக்கா?' என்று கேளுங்கள். 'ராணிப்பேட்டைக்காரரா?' என்று கேட்காதீர்கள்.

பழைய சுவிட்சுக்குப் புது வேலை

அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனம் நைட் கேப்பிடல், கைவிட்ட ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சைப் புது வசதிக்குப் பயன்படுத்தியது. எட்டு சர்வரில் ஒன்றில் புது நிரல் ஏறவில்லை. அங்கே பழைய வசதி உயிர்பெற்றது. 2012 ஆகஸ்ட் 1, சுமார் 45 நிமிடம், 44 கோடி டாலர் போயிற்று. பயன்படாத சுவிட்சை, அதன் நிரலோடு சேர்த்து அழித்துவிடுங்கள்.

கேட்டதெல்லாம் ஆப்ஷன்

ஆம், இல்லை என்று 33 ஆப்ஷன் வைத்தாலே சுமார் 859 கோடிச் சேர்க்கை வரும். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துச் சோதியுங்கள், பெரும்பாலான மோதல்கள் அங்கேயே சிக்கும். அப்புறம், யாரும் தொடாத ஆப்ஷனை எடுத்துவிடுங்கள்.

மாவட்டப் பெயரை நிரலுக்குள் எழுதுவது

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் பில்லில் 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று வர, எனக்கு நான்கு நாள் ஆனது.