ஃப்ரைடு ரைஸ் பார்சலில் எத்தனை கலோரி? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

டயட்டில் இருக்கும்போது ஃபாஸ்ட் ஃபுட் கடைச் சிக்கன் ரைஸைக் கணக்கில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது எண்ணெயைத்தான். சோறும் கோழித்துண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன; எண்ணெய் சோற்றுக்குள் போய்விடுகிறது. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. 15 மில்லி பிடிக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதாவது 90 கிராம் சோற்றுக்குச் சமம். பெரிய அடுப்பில் சோறு ஒட்டாமல் உதிரியாக வர வேண்டும் என்பதற்காக மாஸ்டர் தாராளமாகவே ஊற்றுவார். அதனால் உணவின் பெயரைத் தேடி ஒரு எண்ணை எடுத்துக்கொள்வதைவிட, பார்சலைப் பிரித்து எடைபோட்டு, எண்ணெயைத் தனியாகக் கூட்டுவதே நம்பகமானது.

இதற்கு ஒரு கிச்சன் தராசு போதும்.

1. பார்சலை டப்பாவோடு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் காலி டப்பாவை எடைபோட்டுக் கழியுங்கள். சில்வர் ஃபாயில் கவரில் வந்தால் நேராகத் தட்டில் கொட்டி எடைபோடலாம்.
2. கோழி, முட்டை, பனீர் துண்டுகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, அவற்றைத் தனியாக எடைபோடுங்கள். முதல் ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும். ஒரே கடையில் அளவு பெரிதாக மாறாது.
3. மீதியில் காய்கறிக்கும் எண்ணெய்க்கும் உத்தேசமாக ஒரு அளவைக் கழித்தால் சோறு கிடைக்கும்.

500 கிராம் சிக்கன் ரைஸ் பார்சலை எடுத்துக்கொள்வோம். சோறு 330 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்பதால் சுமார் 430. ஒரு முட்டை 70. பொரித்த கோழி 50 கிராம், 100 கலோரி. கேரட், கோஸ், பீன்ஸ் எல்லாம் சேர்ந்து 15. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல், 30 கிராம் என்று வைத்தால் 270. மொத்தம் 885. கை தாராளமான மாஸ்டர் என்றால் இன்னொரு கரண்டி கூட்டுங்கள், ஆயிரம் தொடும். ஆக 100 கிராமுக்கு 180 முதல் 200. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த தடவை மொத்த எடையே போதும். டப்பாவின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தாலோ, கவரைப் பிடித்த விரல் பளபளத்தாலோ 200-ஐயே எடுங்கள்.

நூடுல்ஸுக்கும் இதே எண் பொருந்தும். வேகவைத்த நூடுல்ஸ் 100 கிராமுக்கு 138 கலோரிதான். ஆனால் ஒட்டாமலிருக்க வடித்ததும் ஒரு தடவை, கடாயில் ஒரு தடவை என்று இரண்டு முறை எண்ணெய் சேர்கிறது. ஷெஜ்வான் வகை என்றால் மிளகாய்ப் பூண்டு விழுதே எண்ணெயில் வதக்கியது, ஆகவே ஒரு பார்சலுக்கு 100 கலோரி கூட்டிக்கொள்ளுங்கள்.

கோபி மஞ்சூரியன்தான் அதிகம் ஏமாற்றும் உணவு. காய்கறி என்ற நம்பிக்கையில் பலர் அதை இரண்டாவது அயிட்டமாக வாங்குகிறார்கள். ஒரு ஹாஃப் பிளேட்டில் பச்சைக் காலிஃபிளவர் 120 கிராம் இருக்கிறது என்று வைப்போம். அதன் பங்கு 30 கலோரி. அதன்மேல் பூசிய மைதாவும் கார்ன்ஃபிளவரும் 40 கிராம், 145 கலோரி. பொரிக்கும்போது மாவு இழுக்கும் எண்ணெய் 20 கிராம், 180 கலோரி. மறுபடி வெங்காயம் குடைமிளகாயோடு புரட்ட ஒரு கரண்டி எண்ணெய், 120. தக்காளி சாஸ், சர்க்கரை 40. கூட்டினால் 515. இதில் பூவின் பங்கு பதினேழில் ஒன்றுதான். எண்ணெய் சரியாகச் சூடாகாமல் போட்டால் மேல்மாவு இறுகுவதற்குள் இன்னும் அதிகமாக எண்ணெய் குடிக்கும். கடித்தால் நொறுங்காமல் தொய்ந்து, வாயில் எண்ணெய் பிசுபிசுத்தால் 600 என்று எழுதுங்கள். கிரேவி வகையில் 100 கிராமுக்கான எண் குறையும், தண்ணீர் சேர்வதால். பிளேட்டின் மொத்தம் குறையாது.

150 கிராம் கோழியில் செய்த சில்லி சிக்கன் டிரையும் கிட்டத்தட்ட 540 கலோரிதான். ஆனால் அதில் 30 கிராம் புரதம் இருக்கிறது, சீக்கிரம் பசிக்காது. இரண்டில் ஒன்று என்றால் கோழியே மேல். பொரித்து அப்படியே தரும் சிக்கன் 65-க்கு 100 கிராமுக்கு 250 முதல் 300 வையுங்கள். கூடவே தரும் மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி 90-க்கு மேல், ஆகவே பாக்கெட்டைப் பிரிக்காமலே வைத்துவிடுவது நல்லது. சோயா சாஸிலும் வினிகரிலும் கலோரி சொற்பம்.

தராசு இல்லையா? 200 மில்லி தண்ணீர் பிடிக்கும் டம்ளர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அழுத்தாமல் நிரப்பினால் ஏறக்குறைய 130 கிராம் ஃப்ரைடு ரைஸ், 240 முதல் 260 கலோரி. அழுத்தி நிரப்பினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

கலோரி கணக்குப் போடும் மொபைல் ஆப்பில் பதிவு செய்யும்போது அரிசியா சோறா என்று பாருங்கள். அரிசி 100 கிராமுக்கு 360 கலோரி, சோறு 130. மாற்றிப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு பிசகும். ‘ஒரு பிளேட்’ என்று மட்டும் இருக்கும் பதிவுகளைத் தொடவே வேண்டாம், யார் வீட்டுப் பிளேட் என்று தெரியாது. டிஷ்யூவில் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு அதன் எடையைக் கழிப்பதும் தவறு. தாள் தண்ணீரையும் சாஸையும் சேர்த்தே உறிஞ்சுகிறது.

குறைக்க வேண்டுமென்றால் கடாய் அடுப்பில் ஏறும் முன்பே “அண்ணா, எண்ணெய் பாதி போடுங்க, முட்டை ஒண்ணு சேர்த்துப் போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் போய் ஒரு முட்டை வந்தால் 50 கலோரி மிச்சம், 6 கிராம் புரதம் லாபம். பாதிப் பார்சலைச் சாப்பிட உட்காரும் முன்பே வேறு பாத்திரத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சோறு வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அதன் நச்சு போகாது.

மறுநாள் காலை எடை ஒரு கிலோ ஏறியிருந்தால் பதற வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு ஏறத் தோராயமாக 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரு பார்சலால் அது முடியாது. சாஸிலும் அஜினோமோட்டோவிலும் உள்ள சோடியம் பிடித்துவைத்த தண்ணீர் அது, சில நாளில் வடிந்துவிடும். தினமும் காலையில் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதிவாருங்கள். நான்கு வாரம் கழித்து எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையென்றால், வாரம் ஒரு பார்சல் சாப்பிடுபவர் பார்சலைக் குறைசொல்வதில் பயனில்லை. ஒவ்வொன்றிலும் 200 கலோரி தவறாகக் கணித்திருந்தால்கூட மாதத்துக்கு 800, நூறு கிராம் கொழுப்புத்தான். அந்த நிலையில் தினசரித் தாளிப்பு எண்ணெயையும் டீச் சர்க்கரையையும் அளக்கத் தொடங்க வேண்டும். வாரம் மூன்று நான்கு தடவை பார்சல் வாங்குபவர் மட்டும் 100 கிராமுக்கு 200 என்பதை 220 ஆக்கி அடுத்த மாதக் கணக்கைப் போடலாம்.