களிமண் பாத்திக்கு மூடாக்கு: தேர்விலேயே நேரும் தவறுகள்

மதுரை மாவட்டத்துத் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசலிலும், கண்மாயை ஒட்டிய ஊர்களின் களிமண்ணிலும் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள், செம்மண்ணுக்குச் சொல்லப்பட்ட மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் வைக்கோல், சருகு போன்ற போர்வை) முறையை அப்படியே கைக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. செம்மண்ணில் நீர் நில்லாது வடிந்துவிடும். அதனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் எந்தப் பொருளும் அங்கே நன்மையே செய்யும். களிமண்ணோ தானாகவே ஈரத்தைப் பிடித்துவைக்கும்; நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கோடையில் அந்த வெடிப்பைத் தடுக்கவும் வேண்டும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேருக்குக் காற்று போகும் வழியை அடைக்காமல் இருக்கவும் வேண்டும் என்பதால், இங்கே மூடாக்கைத் தேர்ந்தெடுப்பது சற்றுக் கடினமான வேலை.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு. தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரை உறிஞ்சக்கூடிய அந்தத் தூளைக் களிமண்ணின் மேல் கனமாகப் பரப்பினால், மழை விட்ட பிறகும் பாத்தி நாள்கணக்கில் சொதசொதவென்றே கிடக்கும். கத்தரியும் மிளகாயும் வேரழுகி வாடுவதைக் கண்டு, நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுபவர்களும் உண்டு. மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறக்குறைய 112:1. நன்கு மட்கியதில் அது 24:1 அளவுக்கு இறங்குகிறது. மட்காததையோ மரத்தூளையோ மண்ணோடு கொத்திவிட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப்போகும். மேலே பரப்பி வைத்தால் இந்தத் தீங்கு பெரிதாக நேராது.

கண்மாய் வண்டலை மூடாக்குபோல மேலே பரப்புவது நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மற்றொரு தவறு. மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் வண்டல் அருமருந்துதான், ஐயமில்லை. களிமண்ணின் மேல் அது இன்னொரு களிமண் அடுக்காகப் படிந்து, ஒரு மழைக்குப்பின் பூசிய தரைபோல இறுகிவிடும். சரளைக்கல் பரப்புவதும் உதவாது. மதுரை வெயிலில் கல் சூடேறும், ஈரக் களிமண்ணில் மெல்லப் புதைந்து பின்னாளில் மண்வெட்டியைத் தடுக்கும். சொட்டுநீர் இல்லாத பாத்தியில் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம்.

களிமண்ணுக்கு ஏற்றவை, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கிடக்கும் முரட்டுப் பொருள்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கிடைக்கும் கரும்புச் சோகை (காய்ந்த கரும்பு இலை), மேலூர் வைக்கோல், நிலக்கடலைத் தோல், நறுக்கிய காய்ந்த குச்சிகள் ஆகியவை நல்லவை. சோழவந்தான் தென்னந்தோப்புகளின் தேங்காய் மட்டையை மரங்களைச் சுற்றி, குவிந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கினால், அடியிலுள்ள குடைவில் காற்று தங்கும். மாவிலை, வாதாம் இலை போன்ற அகன்ற இலைகள் நனைந்ததும் தாள்தாளாக ஒட்டி நீரை மறிப்பதால், அவற்றை நொறுக்கியே போட வேண்டும். வைக்கோலை உதறி நெல்மணிகளை நீக்குவதும், ஆட்டுச் சாணத்தோடு வரும் குப்பையில் சீமைக்கருவேல விதை இல்லை என்று பார்ப்பதும் பின்னால் களை பிடுங்கும் வேலையைக் குறைக்கும்.

பொருள் சரியாக அமைந்தும், போடும் நேரத்தில் பிழை நேர்வதுண்டு. வெடித்துக் கிடக்கும் காய்ந்த மண்ணின் மேல் போட்டால், வருகிற சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடும். ஆகவே நன்றாக நீர் பாய்ச்சி, மேல்மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் பரப்ப வேண்டும். முரட்டுப் பொருளுக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம், நுண்ணிய பொருளுக்கு ஓர் அங்குலம் போதும். தண்டை ஒட்டிக் குவிப்பது அழுகலுக்கும் கரையானுக்கும் இடம் கொடுப்பதால், ஒரு கையகலம் விலக்கி வைக்க வேண்டும். அடைமழை தொடர்ந்தால் மூடாக்கை வரப்போரம் ஒதுக்கி மண்ணை ஆறவிட்டு, மழை ஓய்ந்ததும் திரும்பப் பரப்பலாம்.

பருவம் முடிந்ததும் பாதி மட்கியதைக் கூட்டி அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். இதைத்தான் நான் மிகவும் வருந்தத்தக்க தவறாகக் கருதுகிறேன். மண்புழு அந்த மட்கைத்தான் கீழே இழுத்துச் சென்று களிமண்ணில் துளைகளை உண்டாக்குகிறது. அதை அப்படியே விட்டு, குறைந்துபோன அளவுக்கு மட்டும் மேலே சேர்த்துவந்தால் போதும்.