துப்பாக்கிக்கு மட்டும் பணம் சேர்க்காதீர்கள்: முதல் ஏர் பிஸ்டல் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சுடுதளத்தில் ஓர் இளைஞர் புத்தம் புதிய ஏர் பிஸ்டலை, அதாவது அழுத்திய காற்றால் சுடும் கைத்துப்பாக்கியை, பெட்டியிலிருந்து எடுத்தார். ஒன்றரை ஆண்டு சேர்த்த பணம் என்றார். முகமெல்லாம் பூரிப்பு. பத்துக் குண்டுகள் சுட்டுவிட்டு என்னிடம் வந்து, “பிடி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது அண்ணா, போகப் போகப் பழகிவிடும் அல்லவா?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். பழகிவிடும் என்று அன்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். பழகத்தான் செய்தது. கேடே அதில்தான் இருந்தது.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் இறங்க நினைத்து, முதல் துப்பாக்கிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதுகாப்பு விதிகளையும் அவரவர் நாட்டுச் சட்டத்தையும் எந்தச் சுடுதளமும் முதல் நாளே கற்றுத்தர வேண்டும். கற்றுத்தராத இடத்தில் கால் வைக்காதீர்கள். நாலு கடை ஏறி விசாரியுங்கள், அவசரப்படாதீர்கள் போன்ற அறிவுரைகளும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஆண்டுதோறும் கண்ணெதிரே நடந்துகொண்டே இருக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கையிலுள்ளதை எல்லாம் துப்பாக்கியில் கொட்டுவது

கையில் நூறு பங்கு பணம் இருந்தால் தொண்ணூற்றைந்தைத் துப்பாக்கியில் போட்டுவிட்டு, மீதியில் ஒரு டப்பா பெல்லட் (அதில் போடும் சிறு ஈயக் குண்டு) வாங்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். மூன்று மாதம் கழித்து அவர்களைத் தளத்தில் காண முடியாது. துப்பாக்கி வீட்டில் பத்திரமாக இருக்கும். சுடுவதற்குக் காசு இருக்காது.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். போட்டியில் 60 குண்டுகள், அதற்கு முன் சோதனைக் குண்டுகள். ஆக ஒரு பயிற்சி நாளுக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 240. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,500. ஒரு டப்பாவில் 500 பெல்லட்டுகள் என்றால் 25 டப்பாக்கள். இதற்கு மேல் காற்று நிரப்பும் செலவு, தளக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், போய்வரும் செலவு. முதல் ஆண்டு முழுவதற்கும் இவற்றைக் கூட்டித் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சுகிற தொகையில் கிடைக்கும் துப்பாக்கியைப் பாருங்கள். நூறில் அறுபது பங்குக்கு மேல் துப்பாக்கிக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஒரு படி குறைந்த துப்பாக்கியில் ஆண்டுக்கு 12,000 குண்டு சுட்டவர், உயர்ந்த துப்பாக்கியில் 2,000 சுட்டவரை முந்திப் போவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பிடியைத் துணைப்பொருளாக நினைப்பது

விலைப்பட்டியலில் பிடிக்குத் தனி விலை கிடையாது, துப்பாக்கியோடு சேர்ந்தே வந்துவிடும். வலக்கைக்கு, இடக்கைக்கு, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. எந்த நிறுவனம், எந்த மாதிரி, அதிர்வைக் குறைக்கும் அமைப்பு உண்டா என்றெல்லாம் மாதக்கணக்கில் துருவித் துருவி விசாரிப்பவர், பிடியின் அளவு என்ன என்று விற்பவர் கேட்டதும் அரை நிமிடத்தில் “நடுத்தரம்” என்று சொல்லிவிடுவார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. கடையில் இருந்தது பெரிய பிடி. சிறியது வேண்டுமென்றால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆறு வாரம் பொறுக்க மனமில்லாமல் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் உள்ளங்கை சிறியது. பெரிய பிடியில் விசையை (டிரிகரை) ஆள்காட்டி விரலின் நுனிதான் எட்டியது. விரலின் முதல் கணுவிலுள்ள சதைப்பகுதி விசையில் படிந்து, நேர் பின்னோக்கி அழுத்த வேண்டும். நுனியால் அழுத்தினால் பக்கவாட்டில் தள்ளும். எட்டுவதற்காகக் கையைப் பிடியைச் சுற்றிச் சற்றே திருப்பினேன். உடனே துப்பாக்கி முன்கையின் கோட்டை விட்டு விலகியது. துப்பாக்கியின் பின்முனையிலுள்ள பின்குறியின் இடைவெளிக்கு நடுவே நிற்க வேண்டிய, குழல் நுனியிலுள்ள முன்குறி ஓரமாக ஒதுங்கியது. அதை நடுவுக்குக் கொண்டுவர மணிக்கட்டை வளைத்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் வளைத்தேன்.

வளைத்த மணிக்கட்டு அப்படியே நின்றால் பரவாயில்லை. அது நிற்காது. விசையை அழுத்தும் அந்த நொடியில் தன் இயல்பான நிலைக்குத் திரும்பப் பார்க்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் 320 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் விலகும். இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று புள்ளி போகிறது.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பயிற்சி போதவில்லை என்று நினைத்தேன். வாரம் மூன்று நாள் என்பதை ஐந்து நாள் ஆக்கினேன். மணிக்கட்டில் வலி வந்தது, பட்டை கட்டிக்கொண்டு சுட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, வெளியூர்ப் போட்டி ஒன்றில் வயதான பயிற்சியாளர் ஒருவர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். இரண்டு முறை மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கச் சொன்னார். முன்குறியைக் காணவே காணோம், பின்குறியின் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. “இத்தனை நாளும் துப்பாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிறிய பிடி வாங்கினேன். பணம் இரண்டாம் முறை செலவானது. அதைக்கூட மறந்துவிடலாம். பிடி சரியானபின்னும் மணிக்கட்டு தானாகவே வளைந்தது. கையைப் பொறுத்தவரை அதுதான் சரியான நிலை, அவ்வளவு ஆயிரம் குண்டுகள் அதற்கு அப்படித்தான் கற்பித்திருந்தன. அதை மறக்கடிக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆறு வாரம் பொறுத்திருந்தால் மூன்று ஆண்டுகள் மிச்சம். இன்றும் யாராவது “பழகிவிடும்” என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் பிடியைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவு பிடியின் மேல்முனை வரை இடைவெளி இல்லாமல் ஏற வேண்டும். நடுவிரல் விசைக்காப்பின் அடியில் உறுதியாக உட்கார வேண்டும். ஆள்காட்டி விரல் மரத்தை எங்கும் தொடாமல் தனியே நகர வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியை உள்ளங்கைத் தாங்கி மெல்லத் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. பிறகு அந்தக் கண் மூடும் சோதனை. பத்து முறை செய்து பாருங்கள். ஏழெட்டு முறையாவது முன்குறி நடுவுக்கு அருகில் இருந்தால் அந்தப் பிடி உங்களுக்கானது. கடையில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை என்றால், கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, உள்ளங்கையின் அகலத்தையும் நடுவிரல் வரையான நீளத்தையும் அளந்து அனுப்பி, எந்த அளவு பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் பிடி அப்படியே பொருந்திவிடாது. எல்லாக் கைக்கும் திருத்தம் தேவை. ஆகவே கணக்கில் பிடித் திருத்தம் என்று ஒரு தொகையைத் தனியாக எழுதுங்கள். மரப்பசை மாவு, அரம், உப்புத்தாள், இவற்றோடு விவரம் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரின் ஒரு பிற்பகல். முதலில் மாவை வைத்து நிரப்பிப் பார்க்க வேண்டும், செதுக்குவது கடைசி. வைத்த மாவைச் சுரண்டிவிடலாம், செதுக்கிய மரம் திரும்பி வராது. வாங்கிய மறுநாளே வீட்டில் உட்கார்ந்து செதுக்கிய ஒரு பையனின் துப்பாக்கி, முதல் போட்டியின் உபகரணச் சோதனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. கட்டைவிரல் தாங்கியை மேல்நோக்கி வளைத்துவிட்டிருந்தான். சர்வதேச விதிப்படி மேல்நோக்கிய வளைவு கூடாது, பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, உள்ளங்கைத் தாங்கி பிடிக்கு 90 பாகைக்குக் குறையாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும். அந்தப் பையன் அழுததை நான் பார்த்தேன்.

போன வார இளைஞரின் பிடியில் நல்லவேளையாக உப்புத்தாள் படவில்லை. அன்று மாலையே கடைக்கு எழுதச் சொன்னேன். மாற்றித் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. சிறிய பிடி வரும்வரை தளத்தின் பழைய துப்பாக்கியிலேயே சுடுகிறார்.

பழைய துப்பாக்கி, காலாவதியான சிலிண்டர்

பழைய துப்பாக்கி வாங்குவதில் தவறே இல்லை. நன்றாகப் பராமரித்த ஏர் பிஸ்டல் பல ஆண்டுகள் உழைக்கும், குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆனால் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. அதில் பொறித்திருக்கும் நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டுகள். காலம் கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது, அதைக் கவனிக்கும் பொறுப்பும் வீரருடையதுதான். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும் குழாய் அது, முகத்துக்கு அருகில் இருப்பது. நான் அறிந்த ஒருவர் ஒன்பதரை ஆண்டு பழைய இரண்டு சிலிண்டர்களோடு ஒரு துப்பாக்கியை ‘மலிவாக’ வாங்கினார். ஆறு மாதத்தில் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை வாங்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரியின் உற்பத்தி நின்றுவிட்டிருந்ததால் சிலிண்டருக்கு நான்கு மாதம் அலைந்தார்.

விலை பேசும் முன் சிலிண்டரின் நாளைக் கேளுங்கள், படம் கேளுங்கள். நிரப்பும் இணைப்பானையும் சேர்த்துக் கேளுங்கள், ஒரு நிறுவனத்தின் மரை இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

காற்று எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் வாங்குவது

தளத்தில் நிரப்பித் தருவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். தருவார்கள் என்றால் கைப்பம்பும் வேண்டாம், பெரிய காற்றுக் குடுவையும் வேண்டாம். இல்லையென்றால் அவற்றின் விலை துப்பாக்கியின் கணக்கோடு சேரும். 200 பார் குடுவை வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் குடுவையின் அழுத்தம் குறையும், துப்பாக்கிச் சிலிண்டர் அதற்கு மேல் ஏறாது. 300 பார் குடுவை நெடுநாள் வரும், ஆனால் அழுத்தமானியைப் பார்த்து 200-இல் நிறுத்தும் கட்டுப்பாடு கைக்கு வர வேண்டும்.

முதல் துப்பாக்கியிலேயே மின்விசை

மின்விசை, அதாவது மின்னணு முறையில் இயங்கும் விசை, அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அது பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவரும் உதிரிப் பாகமும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில், இந்தியாவின் மனு பாக்கரின் மின்விசைத் துப்பாக்கி பழுதாகி மதிப்பு மிக்க நிமிடங்கள் பறிபோயின. 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்று நூலிழையில் கைநழுவியது. 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்று அவர் மீண்டு வந்ததைப் பார்த்து நான் கண் கலங்கினேன். அவருக்குப் பின்னால் ஓர் அணியே நின்றது. புதிதாகத் தொடங்குபவருக்கு அப்படி யாரும் இல்லை. முதல் துப்பாக்கி இயந்திர விசையாகவே இருக்கட்டும். குறைந்தபட்ச விசை எடையான 500 கிராமைத் தாங்குகிறதா என்று சோதிக்கும் எடைக்கட்டியைத் தளத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

பெல்லட்

தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டில் விற்கிறார்கள். எட்டும் ஏழும் விழுந்துகொண்டிருக்கும் கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. நடுத்தர விலையில் தட்டைத் தலைப் பெல்லட் ஒரே வகையாக வாங்குங்கள். விலை உயர்ந்தவை பிறகு.

கண்ணாடி

பாரிஸில் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச் வழக்கமான கண்ணாடியோடு நின்று சுட்ட படத்தைக் காட்டி, எந்தக் கருவியும் தேவையில்லை என்கிறார்கள் சிலர். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அவர் கையில் ஊறியிருப்பதைப் படத்தில் பார்க்க முடியாது. ஆனாலும் முதல் ஆண்டில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவிழித் திரையோடு கூடிய விலை உயர்ந்த சட்டகம் வேண்டியதில்லை என்பது உண்மைதான். கண் பரிசோதனை செய்துகொண்டு, முன்குறி தெளிவாகத் தெரியும்படி கண்ணாடியின் பவரை அமைத்துக்கொள்ளுங்கள். குறிபார்க்காத கண்ணை மறைக்க 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஓர் அட்டைத் துண்டு போதும்.

காலணி

தட்டையான அடிப்பாகம், கணுக்காலை மூடக் கூடாது.

துப்பாக்கியில் மாட்டும் எடைக்கட்டிகள்

முதல் ஆண்டில் வேண்டாம்.

பெட்டி

பூட்டு இருக்க வேண்டும்.

வெற்றுப் பயிற்சி வசதியைக் கேட்காமல் விடுவது

பெல்லட்டும் காற்றும் செலவாகாமல் விசையை மட்டும் இயக்கிப் பழகும் அமைப்பு பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் உண்டு. வெறும் சுவரைப் பார்த்து நாள்தோறும் அரைமணி நேரம், முன்குறி அசையாமல் விசை விழுகிறதா என்று கவனிப்பது. என் மணிக்கட்டை மீட்டுத் தந்தது அந்தப் பயிற்சிதான், அதற்கு எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை. விலை பேசும்போதே அந்த அமைப்பை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாத துப்பாக்கியை, எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.