மால்டா செல்வோர் முதலில் பெற வேண்டிய நுழைவுச்சீட்டு

சிசிலிக்குத் தெற்கே உள்ள மால்டா தீவுக்குச் செல்லத் திட்டமிடுவோர், விமானப் பயணச்சீட்டை உறுதிசெய்வதற்கு முன்பே, ஹால் சஃப்லீனி நிலத்தடி ஈமக்கோயிலுக்கு எந்த நாளில் நுழைவுச்சீட்டு கிடைக்கிறது என்று ஹெரிடேஜ் மால்டா நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும் உட்புறச் செங்காவி ஓவியங்களைச் சிதைக்கும் என்பதால் அங்கே சிறு குழுக்களையே அனுமதிக்கிறார்கள்; சுற்றுலாப் பருவத்தில் பல வாரங்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிடும்.

இந்தச் சிரமத்துக்கு முற்றிலும் தகுதியான இடம் அது. 1902-ல் பவோலா நகரில் கட்டுமானப் பணியின்போது தற்செயலாக வெளிப்பட்ட இந்த ஈமக்கோயிலை, உலோகக் கருவிகளையே அறியாத மக்கள், சுமார் கி.மு. 4000 முதல் கி.மு. 2500 வரையிலான காலத்தில், சுண்ணாம்புப் பாறைக்குள் மூன்று அடுக்குகளாகக் குடைந்திருக்கிறார்கள். தரைக்கு மேல் கட்டிய கோயில்களின் தூண்களையும் வாயில்களையும் கூரையையும் அவர்கள் பாறையிலேயே செதுக்கிக் காட்டியிருப்பது என்னை மிகவும் வியக்க வைக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டதாக அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். 1980-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. இங்கே கிடைத்த புகழ்பெற்ற 'உறங்கும் பெண்' சுடுமண் சிற்பம் தலைநகர் வல்லெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பதால், முதலில் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஈமக்கோயிலிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ள, தரைக்கு மேல் கட்டிய கற்காலத் தார்ஷீன் கோயில்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.