தாள் ஓவியத்திற்குச் சட்டமிடும் முறை

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், தாளில் தீட்டிய ஓவியத்திற்கு முதல் பகை பூஞ்சைதான். தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தால் இடையில் நீர் கோத்து வண்ணம் கண்ணாடியில் பற்றிக்கொள்ளும். ஆகவே அமிலமற்ற அட்டையில் ஓவியம் தெரியுமளவு சாளரம் வெட்டி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடும்படி சட்டமிடுபவரிடம் சொல்லுங்கள். செல்லோடேப்பை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு அதை நீக்குவது வல்லுநருக்கே கடினம். மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய ஆனால் உறுதியான ஜப்பானியத் தாளின் இரு சிறு துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டித் தொங்கவிட்டால், ஈரத்திற்கேற்ப ஓவியம் விரியவும் சுருங்கவும் இடமிருக்கும். பின்னாளில் சற்று ஈரமாக்கினாலே அந்தப் பசை இளகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்கத் தகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் மாலை வெயில் விழும் சுவரையும் தவிர்த்து, உட்சுவரில் மாட்டுங்கள்.